லீவே போடாத மெட்டில்டா

பூண்டு ஊறுகாய். இல்லை, பூண்டும் இல்லை ஊறுகாயும் இல்லை, பத்து வருஷமாக இந்தத் தொலைபேசியில் பேசிய அத்தனை வாயும் சேர்ந்து ஊறிப்போன ஏதோ ஒன்று, வெற்றிலைச் சாறு, சொத்தைப்பல், மிளகாய்ப்பொடி, நர்சிங் சூப்பிரண்டென்ட் பத்மாசனி அம்மாவின் வயிற்றுப் புளிப்பு, எல்லாம் ரிசீவரின் சின்னச் சின்ன ஓட்டைகளில் அடைந்து கறுத்துக் கிடந்தது. அதை உதட்டிலிருந்து ஒரு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு அஞ்சலாட்சி, "ஆமாங்க மேடம், ரொம்பச் சந்தோஷமா இருக்கறனுங்க," என்று சொன்னாள். தன் குரலில் இல்லை. கோபிச்செட்டிபாளையத்துக் குரலில், 'ங்க'வுக்கு மேல் 'ங்க' அடுக்கி, ஒவ்வொரு வார்த்தைக்கும் முதுகில் தட்டிக் கொடுப்பதுபோல், ஏனென்றால் இந்த நிமிஷத்துக்கு அவள் பிரசவ வார்டு ஸ்டாஃப் நர்ஸ் கோமளேஸ்வரி. கோமளேஸ்வரி வேலையை விட்டு, கல்யாணம் கட்டி, மஸ்கட்டில் குடித்தனம் போட்டு ஒன்றரை வருஷமாகிறது. அங்கே இப்போது ஏசி போட்ட கூடத்தில் கால்நீட்டி உட்கார்ந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பாள், இங்கே அவள் மனநிறைவு ஐந்துக்கு ஐந்து. "அருமை சிஸ்டர்! உங்கள் நலமே எங்கள் நலம்!" என்றது சென்னையிலிருந்து ஒரு பெண்குரல், பாகில் முக்கி எடுத்த குரல், பிரவீணாவாம் பெயர், ஒவ்வொருத்தரிடமும் அதே இடத்தில் அதே 'அருமை', அதே இடத்தில் மூச்சு. மூன்று பேராகப் பேசி முடித்ததுமே அஞ்சலாட்சிக்கு அந்தக் குரலும் பிடிபட்டுவிட்டது, வேண்டுமானால் அந்தப் பக்கமும் தானே பேசித் தானே பதில் சொல்லிவிடலாம், அரசாங்கத்துக்கு ஒரு ஆள் மிச்சம். "அடுத்த சிஸ்டர் இருக்காங்களா?" "இதோ வராங்கங்க." உடனே பத்மாசனி அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே செருப்புக் காலால் தரையில் தப்புத் தப்பென்று நாலு தட்டு தட்டினாள். கோமளேஸ்வரி வெளியே போகிறாள். கொஞ்சம் இடைவெளி விட்டு மெதுவாக மறுபடி நாலு தட்டு. மதுரை சாந்தலட்சுமி உள்ளே வருகிறாள். பத்மாசனி அம்மாவுக்கு ஐம்பத்தேழு வயசு, சர்க்கரை, மூட்டுவலி, நெற்றியில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம், அந்த அம்மாள் மேஜைக்குக் கீழே காலால் தாளம் போட்டு, வராத நர்சுகளை வரவைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கையில் அஞ்சலாட்சிக்கு முதலில் சிரிப்பு முட்டியது. இரண்டாவது முறை சிரிப்பு பாதியில் நின்றது. இப்போது ஏழாவது முறை, அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவேயில்லை.

நலவாழ்வு வாரம். பணியாளர் நலவாழ்வு வாரம். வாசலில் பேனர் கட்டியிருக்கிறது, அதில் சிரிக்கிற நர்ஸ் வெள்ளைக்காரச்சி, தலையில் நம்மூரில் யாரும் வைக்காத தொப்பி. மேலிடத்திலிருந்து ஒவ்வொரு நர்சுக்கும் போன் போட்டு ஏழு கேள்வி கேட்பார்களாம், பணியில் இருக்கிறீர்களா, தூக்கம் வருகிறதா, வார ஓய்வு கிடைக்கிறதா, உங்கள் மேலதிகாரி உங்கள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கிறாரா, இப்படி. பட்டியலில் இருபத்தொன்பது பேர். ஆஸ்பத்திரியில் இருப்பது பதினெட்டு. பதினெட்டுப் பேரும் திங்கட்கிழமையே அவரவர் செல்லில் பேசி முடித்துவிட்டார்கள், பத்மாசனி அம்மா சொல்லிக்கொடுத்ததைச் சொல்லி. மிச்சம் பதினொரு பேர் ரிஜிஸ்டரில் மட்டும் இருக்கிறார்கள். ஓடிப்போனவர்கள், மேலே படிக்கப் போனவர்கள், எழுதிக் கொடுத்துவிட்டு நின்றவர்கள். காலியிடம் இத்தனை என்று காட்டினால் ஏன் இத்தனை நாள் காட்டவில்லை என்று மெமோ வரும், அதனால் காட்டவில்லை. ஆள் அனுப்புங்கள் என்று இதே பத்மாசனி அம்மா இதுவரை பதினாலு கடிதம் போட்டிருக்கிறாள், பதினாலுக்கும் ஒரே பதில், உங்களிடம் காலியிடமே இல்லையே, பட்டியல் நிரம்பியிருக்கிறதே. தன் வாலைத் தானே தின்கிற நாய்கூட ஒரு கட்டத்தில் வலித்தால் விட்டுவிடும். அந்தப் பதினொன்றுக்கும் தொடர்பு எண் என்று கொடுத்தது இந்த அறையின் தொலைபேசி. "அஞ்சலே, நீதான் எல்லார் மாதிரியும் பேசுவியேடி. நர்ஸ் தினத்தன்னைக்குப் பெரிய டாக்டர் மாதிரி பேசி அவரையே சிரிக்க வச்சியே. பத்தே நிமிஷம். பேசி முடிச்ச கையோட ஆர்டரை வாங்கிட்டுப் போ." ஆர்டர் அதோ இருக்கிறது, மேஜைமேல், கண்ணாடி உருண்டைக்கு அடியில். அவளை அவள் ஊருக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றும் உத்தரவு, கையெழுத்தாகி, முத்திரை விழுந்து, தபாலில் போட்டிருக்க வேண்டியது, ஒன்பது நாளாக இங்கேயே கிடக்கிறது. உருண்டைக்கடியில் அவள் பெயரின் நடு எழுத்துகள் மட்டும் ஊதிப் பெருத்துத் தெரிந்தன, சலாட், சலாட், தண்ணீரில் மூன்று நாள் கிடந்த பிணத்தின் முகம் மாதிரி. பத்து நிமிஷம் என்று வந்து முக்கால் மணி நேரம். கீழே பெண்கள் வார்டில் நாற்பது கட்டிலில் ஐம்பத்தெட்டுப் பேர், கட்டிலுக்கடியில் விரித்த பாயையும் சேர்த்து, அங்கே இந்த நேரத்துக்கு நர்ஸ் என்று இருப்பவள் அவள் ஒருத்திதான், அவளோ இங்கே சாந்தலட்சுமியாக இருக்கிறாள். பதினேழாம் கட்டில் காய்ச்சல்காரிக்கு ஏற்றிவிட்டு வந்த குளுக்கோஸ் பாட்டில் இந்நேரம் கழுத்துக்கு வந்திருக்கும். "அண்ணே, தண்ணி இந்தக் கோட்டுக்கு வந்ததும் இந்தச் சக்கரத்தை இப்படிக் கீழே உருட்டிடுங்க," என்று புருஷன்காரனிடம் சொல்லிவிட்டு வந்தாள். அவன் மேலும் கீழும் தலையாட்டினான், ஆட்டின விதத்தில் அவனுக்குக் கீழே எது மேலே எது என்றே சந்தேகமாக இருந்தது.

"யக்கா, தூக்கமெல்லாம் பெருமாள் புண்ணியத்துல கும்முனு வருதுக்கா," என்றாள் சாந்தலட்சுமி. சென்னைப் பெண் களுக்கென்று சிரித்துவிட்டு உடனே சிரிப்பைத் துடைத்துக்கொண்டு, "அருமை சிஸ்டர்," என்றாள். பத்மாசனி அம்மா நாலு விரலைக் காட்டினாள். இவளுக்கு நாலு போடு, எல்லாரும் அஞ்சுன்னா சந்தேகம் வரும். "மனநிறைவு நாலு வச்சுக்கங்கக்கா. கேன்டீன் சாம்பாரு மட்டும் சரியில்ல." பத்மாசனி அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஒவ்வொரு குரலுக்கும் வாயில் ஒரு ருசி உண்டு, அது மற்றவர்களுக்குத் தெரியாது. கோமளேஸ்வரியைப் பேசினால் தேங்காய்ப்பால், சாந்தலட்சுமியைப் பேசினால் புகையிலை ஓரத்தின் காரம், பெரிய டாக்டரைப் பேசினால் ஸ்பூனை வெறுமே நக்கின இரும்பு. முன்பெல்லாம் பேசி முடித்ததும் ருசி போய்விடும். இன்றைக்குப் போகவில்லை, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துகொண்டே வந்தது, ஏழு பேரின் எச்சில் ஒரே நாக்கில். மேஜையில் அவளுக்கென்று வைத்த டீயில் ஆடை கட்டி, அந்த ஆடை சுருங்கி, தீக்காயத்தில் உரியும் தோலைப்போல் டம்ளர் ஓரத்தில் ஒட்டியிருந்தது. ஜன்னல் பக்கம் மல்லிகை வாசனை ஸ்பிரே, அதற்குப் பின்னால் சாக்கடை, மல்லிகையில் வேகவைத்த சாக்கடை. சாக்கடை மட்டும் இருந்தால் மூச்சு விட்டுவிடலாம். மகள் பூவிழிக்கு நாலு வயசு. அவள் அப்பாவோடு ஊரில் இருக்கிறாள், இங்கிருந்து பஸ்ஸில் ஆறு மணி நேரம். தினம் சாயங்காலம் போனில், "இன்னிக்கு யாரு பேசுற? யானையா, குரங்கா?" என்பாள். யானை பேசும், குரங்கு பேசும், ஒருநாள் களைப்பில் அம்மாவே பேசினாள், சாப்பிட்டியாடா தங்கம் என்று. அந்தப் பக்கத்திலிருந்து, "அப்பா, இது யாரோ. எனக்குப் பிடிக்கல, மாத்திக் குடு." அன்றைக்குக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அஞ்சலாட்சி அழுததுகூடத் தன் குரலில்தானா என்று நிச்சயமில்லை. சலாட். சலாட். அந்தக் காகிதம் கைக்கு வந்துவிட்டால் போதும், நாளை விடியும்போது பிள்ளையின் வியர்வைத் தலையை முகர்ந்துகொண்டு படுத்திருக்கலாம், யானையும் வேண்டாம் குரங்கும் வேண்டாம். எட்டு. ஒன்பது. தப்புத் தப்பு. சேலத்துக்காரி ஒருத்தி, வட ஆற்காட்டுக்காரி ஒருத்தி. பத்தாவதாக, வாயே திறக்காத சுபத்ரா, அவளுக்கு 'ம்' மட்டும் போதும், ஏழு கேள்விக்கும் ஏழு 'ம்', அவளுக்கும் ஓர் அருமை. இனி ஒரே ஒருத்தி. பதினொன்று. மெட்டில்டா.

இவளை மட்டும் கடைசிக்குத் தள்ளிவிட்டது அஞ்சலாட்சிதான். மற்ற பத்துப் பேரும் எங்கேயோ நன்றாக இருப்பவர்கள், பெயரை எடுத்து உடுத்திக்கொண்டால் அவர்களுக்கு ஒன்றும் குறையாது. மெட்டில்டா அப்படியில்லை. மூன்று வருஷம் ஒரே ஹாஸ்டல் அறை, ஒரே கொடியில் இரண்டு பேர் சேலை. குளச்சல்காரி, கோபம் வந்தால் எதிரே நிற்பது கலெக்டரானாலும் 'வே' போட்டுப் பேசுவாள். வரிசையாகப் பதினாறு நாள் ஓய்வே இல்லாமல் டியூட்டி போட்டார்கள். பதினாறாம் நாள் மத்தியானம் ஆளைக் காணோம் என்று தேடினால் கட்டுப் போடும் அறையில், கையுறையோடு, ஸ்டூலில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது, உறை முழுக்க ரத்தம், எழுப்பினால் அந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "இது ஆருக்க ரெத்தம்டி?" என்றாள். யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசிவரை தெரியவில்லை. அன்று சாயங்காலமே ஒரு டெம்பரேச்சர் சார்ட்டைத் திருப்பிப்போட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள், "எனக்கு இனி ஒக்காது, கேட்டியா." முடியாது என்பதை அவள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். மூன்று மாசமாகிறது. ஊர்ப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை தயார், விடுவிப்பு ஆணையைக் கொண்டுவா, சேர்ந்துகொள் என்கிறார்கள். அந்த ஒரு காகிதம் இங்கிருந்து கிளம்பவில்லை. விடுவித்தால் காலியிடம் ஆகிவிடுமே. நேற்றுகூடப் போன், "எட்டி அஞ்சலே, எனக்க கடுதாசி என்னாச்சு? வெள்ளிக்கிழமைக்க உள்ள வேணுமாம், இல்லெங்கி வேற ஆள எடுத்திருவாவளாம்." பார்க்கிறேன்டி என்றாள் இவள். பார்க்கிறேன். என்னத்தைப் பார்த்தாள், கண்ணாடி உருண்டையைப் பார்த்தாள். இதில் இன்னொரு கூத்து. வராதவர்களுக்கெல்லாம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது கிளார்க் தணிகாசலம், பேனாவைப் பிடித்தால் மனுஷனுக்கு நேரம் போவது தெரியாது. கோமளேஸ்வரி வகையறாவுக்கு வாரம் ஓர் ஓய்வு, மாசம் ஒரு தற்செயல் விடுப்பு என்று ஞாபகமாகப் போட்டவர், மெட்டில்டா பெயர் பக்கம் திரும்பிய இடத்தில் இருந்ததால் ஓய்வு போடவே மறந்துபோய், ஞாயிறு, பொங்கல், குடியரசு தினம் என்று ஒன்று விடாமல் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட்டார். தொண்ணூற்றோரு நாள், தொண்ணூற்றோரு கையெழுத்து, ஒவ்வொன்றும் மெட்டில்டா போடுவதைவிட அழகு. மாநிலம் முழுக்கச் சலித்தெடுத்த கம்ப்யூட்டர், ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத ஒரே செவிலியர் இவர்தான் என்று துப்பிவிட்டது.

தப்புத் தப்பு என்றது செருப்பு. "எக்கா, ஹலோ, மெட்டில்டா பேசுதேன்," என்று நாக்கின் நுனிக்கு அவளை வரவழைத்ததும் வாயெல்லாம் சுக்கும் கருப்பட்டியும், அவள் ஹாஸ்டலில் மாசத்துக்கு மூன்று நாள் காய்ச்சித் தருவாளே, அது. "சிஸ்டர்! மெட்டில்டா சிஸ்டரா! வாழ்த்துகள் சிஸ்டர்!" பாகு பொங்கி வழிந்தது. "உங்ககிட்ட ஏழு கேள்வி கிடையாது சிஸ்டர், நேரா ஸ்பெஷல்தான். தொண்ணூத்தியோரு நாள்ல ஒருநாள்கூட லீவே போடல. எப்படி சிஸ்டர்? எங்க மேடம் சொல்றாங்க, உங்க குரல்ல ரெண்டு வார்த்தை பதிவு பண்ணி எல்லா மாவட்டத்துக்கும் அனுப்பணுமாம். லீவு எடுக்காமலே எப்படி நலமா இருக்கறதுன்னு மத்தவங்களுக்கு நீங்கதான் சொல்லணும்." பத்மாசனி அம்மா காதைக் கிட்டே கொண்டுவந்து கேட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள், சாமியையா மெட்டில்டாவையா தெரியவில்லை. பின் உதட்டை அசைத்து, சத்தமில்லாமல், 'சே-வை-தான் தூக்-கம்னு சொல்-லு' என்றாள். அஞ்சலாட்சியின் வாயில் கருப்பட்டி கசந்துபோயிற்று. அந்த உறையின் ரத்தம், திறந்த வாய், அதன்மேல் இந்தச் சொல், சேவைதான் தூக்கம், எல்லா மாவட்டத்துக்கும் போகும், எல்லா ஹாஸ்டலிலும் கேட்பார்கள், எழுதிக் கொடுத்துவிட்டு ஊரில் உட்கார்ந்திருக்கிறவளின் வாட்ஸ்அப்புக்கும் ஒருநாள் வந்து சேரும், அவள் குரலே அவளிடம் வந்து, நான் இங்கே சுகம் என்னும். "ரெடியா சிஸ்டர், ரெக்கார்டிங் ஆன் பண்ணிட்டேன்." ஒரு கணம், கால் கணம், ஆண்டு விழா மேடையில் மைக்கைப் பிடித்தபோது வருமே, அந்தத் துறுதுறுப்பு வந்தது. சொல்லிவிடலாம். மெட்டில்டா குரலிலேயே போட்டு உடைத்துவிடலாம், எக்கா, நான் எழுதிக் குடுத்து மூணு மாசமாச்சு, எனக்க கடுதாசிய விடச் சொல்லுங்க என்று. பிரமாதமாக வரும். 'ஒக்காது'வை எங்கே இழுக்க வேண்டும் என்றுகூடத் தெரியும். வாயையும் திறந்துவிட்டாள். திறந்த வாய் அப்படியே நின்றது. இந்த அறையின் தொலைபேசியிலிருந்து மெட்டில்டா பேசினால் மெட்டில்டா இந்த அறையில் இருக்கிறாள். நான் இங்கே இல்லை என்று அவள் குரலில் சொன்னாலும் இங்கே நின்றுகொண்டுதானே சொல்கிறாள். தொண்ணூற்றிரண்டாவது கையெழுத்து. தணிகாசலம் பேனாவில் போட்டார், இவள் நாக்கில் போடுகிறாள், இவ்வளவுதான் வித்தியாசம், ஒரு மணி நேரமாகப் பத்துப் பேருக்குப் போட்டாயிற்று. பதினொரு காலியிடத்தையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேறு யாருமில்லை, இந்த வாய்தான். "சிஸ்டர்? ஹலோ?" கண்ணாடிக்கடியில் சலாட். பிள்ளையின் வியர்வைத் தலை. ஒரு நிமிஷம். ஒரே ஒரு வரி சொன்னால் போதும், ராத்திரி பஸ். யாருக்குத் தெரியப்போகிறது, வேலை கிடைக்காவிட்டால் மெட்டில்டா வேறு ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ள மாட்டாளா, கெட்டிக்காரி, பார்த்துக்கொள்வாள், பார்த்துக்கொள்வாள் என்று நாலுமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். நாலாவது முறை அது பத்மாசனி அம்மா குரலில் வந்தது. அவள் பேச முயலவேயில்லை, தானாக வந்தது, அதே மூக்கடைப்போடு, அதே புளிப்போடு. அதற்குமேல் அவளால் அந்த ருசியை விழுங்க முடியவில்லை.

"நான் மெட்டில்டா இல்லம்மா," என்றாள். கரகரத்தது. காலையிலிருந்து எடுக்காத குரல், அரியலூர்ப் பக்கத்துக் கட்டைக் குரல், எந்த ருசியும் இல்லை அதற்கு, வெறும் வாய். தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள். "எம் பேரு அஞ்சலாட்சி. பெண்கள் வார்டு. மெட்டில்டா எழுதிக் குடுத்துட்டுப் போயி மூணு மாசமாவுது, இன்னும் அவளை விடல. இதுக்கு முன்னாடி பேசுன பத்துப் பேரும் நாந்தான்." நாற்காலி பின்னால் சரிகிற சத்தம். "அஞ்சலே! பைத்தியமாடி உனக்கு!" என்று அடிக்குரலில் சீறினாள் பத்மாசனி அம்மா. அந்தப் பக்கம் பாகு வற்றிப்போய், முதல்முறையாக ஒரு மனுஷியின் குரல், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயசிருக்கும், பயந்த குரல், "சிஸ்டர்... ரெக்கார்டிங் ஓடிட்டு இருக்கு. நிறுத்திரட்டா?" என்றது. "நிறுத்தாத. ஓடட்டும். மஸ்கட்ல ஒருத்தி இருக்கா, மத்தவங்க எங்க இருக்காங்கன்னே தெரியாது, இங்க யாரும் இல்ல. பதினோரு எடமும் காலி. எழுதிக்க. என் வார்டுல அம்பத்தெட்டுப் பேரு படுத்திருக்காங்க, இந்த நேரத்துக்கு அங்க ஒரு நர்சும்..." தொலைபேசியின் குமிழ்மேல் குங்குமம் ஒட்டிய ஒரு கை வந்து விழுந்தது. கொர்ரென்ற சத்தம். பத்மாசனி அம்மா மூச்சு வாங்க நின்றாள். நின்றபடியே கண்ணாடி உருண்டையை நகர்த்தி, அடியிலிருந்த காகிதத்தை எடுத்து, நாலாக மடித்தாள், இழுப்பறையில் போட்டாள், சாவியைத் திருகி இடுப்பில் செருகிக்கொண்டாள். நிதானமாகத்தான் செய்தாள். "உம்புள்ளைக்கு நீயே வெச்சுக்கிட்ட வினை," என்றாள். அஞ்சலாட்சிக்குச் சொந்தமாக இருந்த ஒரே குரலும் இப்போதுதான் வெளியே வந்து, அதற்கே மூச்சு வாங்கியது. ரிசீவரைத் தாங்கியில் வைத்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்தாள், ஒருமுறை, இன்னொருமுறை, உதடு எரியும்வரை. உடனே மணி அடித்தது. சென்னைதான், வேறு யார். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அடித்தது. பத்மாசனி அம்மாவின் முகத்திலிருந்து சூப்பிரண்டென்ட் மெல்ல மெல்ல வடிந்துபோய், சர்க்கரையும் மூட்டுவலியுமாக ஒரு கிழவி நின்றாள், கூப்பிடுவது அந்தப் பெண்ணா, அந்தப் பெண்ணின் மேடமா என்று கணக்குப் போடுகிற கிழவி. அடித்தது. அவள் சுவர்ப்பக்கம் ஒதுங்கிக்கொண்டு, ஏதோ போனின் கண்ணுக்குத் தான் தெரிந்துவிடுவதுபோல முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, கெஞ்சினாள். "எடுடி அஞ்சலே. எடுத்து, நான் இல்லேன்னு சொல்லு."

அதற்குள் அஞ்சலாட்சி வார்டுக்குப் போகும் படிக்கட்டில் பாதி இறங்கியிருந்தாள்.